விளையாட்டு அறம்: ஊக்கமருந்தும் வன்முறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊக்கமருந்துச் சோதனையில் ஒருவர் சிக்கியதாகச் செய்தி வரும்போதும், ஆடுகளத்தில் ஒருவர் மற்றவரைத் தாக்கும் காட்சி பரவும்போதும் ஒரே கேள்விகள்தாம் மீண்டும் மீண்டும் எழுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு விதிப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. வேறு சிலவற்றுக்கு விதி இருந்தும், அந்த விதி நியாயமானதுதானா என்பது தீராத வழக்காகவே நிற்கிறது. அத்தகைய இடங்களில் என் நிலைப்பாட்டை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஒரு பொருளை ஊக்கமருந்து என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

1998ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன், பங்கேற்கவிருந்த ஓர் அணியின் வாகனத்தில் மருந்துக் குவியல் பிடிபட்டது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1999இல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை உருவாயிற்று. வாடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்புதான் ஆண்டுதோறும் தடைப் பட்டியலை வெளியிடுகிறது. ஒரு பொருள் ஆட்டத்திறனைக் கூட்டக்கூடியதா, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியதா, விளையாட்டின் உணர்வுக்கு முரணானதா என்ற மூன்று அளவுகோல்களில் இரண்டு பொருந்தினாலே அது பட்டியலில் சேர்க்கப்படலாம்.

மூன்றாவது அளவுகோல் வழுக்கலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காப்பியில் உள்ள கஃபீன் ஒரு காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடை செய்யப்பட்டிருந்தது; 2004இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உயரமான மலைப்பகுதியில் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி செய்து இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்வது அனுமதிக்கப்படுகிறது. அதே பெருக்கத்தை ஈபிஓ என்னும் ஹார்மோன் ஊசியால் அடைவது குற்றமாகிறது. இதைச் சுட்டிக்காட்டித் தடை முழுவதுமே செயற்கையானது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். கால்பந்துக் களத்தின் எல்லைக்கோடும் மனிதர் போட்ட சுண்ணாம்புக் கோடுதான். அதற்காகப் பந்து வெளியே போகவில்லை என்று யாரும் வாதிடுவதில்லை. கோட்டை எங்கே போடுவது என்பது விவாதத்துக்கு உரியது. போட்ட பிறகு, எல்லோரும் அதற்குள் ஆடுகிறோம் என்ற நம்பிக்கையில்தான் போட்டியே நடக்கிறது.

தன் உடலுக்குத் தானே தீங்கு தேடிக்கொள்வது ஒருவரின் சொந்த உரிமை அல்லவா? அதில் மற்றவர் ஏன் தலையிட வேண்டும்?

இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. மலையேறுகிறவர்களையும் குத்துச்சண்டை வீரர்களையும் நாம் தடுப்பதில்லை. ஆனால் "சொந்த உரிமை" என்ற வாதம், மருந்தை எடுத்துக்கொள்பவர் தாமே தெரிந்து, தாமே விரும்பி முடிவெடுக்கிறார் என்று முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் அரசுத் திட்டமாகவே ஊக்கமருந்து கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வீரர், வீராங்கனையருக்கு, அவர்களில் பலர் பருவ வயதைக்கூடத் தாண்டாத நிலையில், ஆண் ஹார்மோனைப் போல் வேலை செய்து தசையைப் பெருக்கும் ஓரல் டூரினபால் என்னும் ஸ்டீராய்டு மாத்திரைகள் வைட்டமின் என்ற பெயரில் தரப்பட்டன. குண்டு எறிதலில் 1986இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற ஹைடி கிரீகருக்கு இந்த மருந்துகள் 16 வயதிலேயே தொடங்கிவிட்டன. பின்னாளில் ஆந்திரியாஸ் என்ற பெயரில் ஆணாக வாழத் தொடங்கிய அவர், தாம் யார் என்பதைத் தாமே கண்டறியும் வாய்ப்பை அந்த மருந்துகள் பறித்துக்கொண்டன என்று வருந்தினார். 2000ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த வழக்கில், திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த மன்ஃபிரெட் எவால்ட், மருத்துவர் மன்ஃபிரெட் ஹோப்னர் ஆகிய இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே கிடைத்ததால் இருவருமே சிறைக்குப் போகவில்லை.

வற்புறுத்தும் அரசு எதுவும் இல்லாத இடத்திலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஓட்டத்தில் முதலில் வருபவர் மருந்து எடுக்கிறார் என்று தெரிந்தால், இரண்டாவதாக வருபவருக்கு மூன்று வழிகள்தாம் மிஞ்சுகின்றன: தானும் எடுப்பது, தோற்றுக்கொண்டே இருப்பது, விலகிப் போவது. முதல்வரின் "சொந்த முடிவு" அடுத்தவரின் முடிவையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது.

எல்லோருக்கும் அனுமதித்துவிட்டால் சமநிலை வந்துவிடாதா?

வராது. ஒரே மருந்து எல்லா உடலிலும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. ஈபிஓவைக் கண்டறியும் சோதனை இல்லாத காலத்தில், 1997இல், சர்வதேச சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பு ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தது: ஆண் வீரரின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் அவர் ஓட்டக் கூடாது. விளைவை எண்ணிப் பாருங்கள். இயல்பிலேயே 48 விழுக்காடு உள்ளவருக்கு மருந்தால் இரண்டு புள்ளிகள்தாம் கிடைக்கும். 40 விழுக்காடு உள்ளவருக்குப் பத்துப் புள்ளிகள் வரை இடமிருக்கிறது. அப்படியானால் வெல்வது மருந்துக்கு நன்றாக இசையும் உடல். அல்லது கூடுதலாகப் பணம் கொடுத்து அமர்த்தப்பட்ட மருத்துவர். சிவப்பணுக்கள் மிகுந்தால் இரத்தம் தடித்து உறையும் ஆபத்தும் கூடும். ஆகவே எந்த வரம்பும் இல்லாத போட்டியில், தன் உயிரைப் பணயம் வைக்க யார் அதிகமாகத் துணிகிறாரோ அவருக்கே சாதகம்.

தெரியாமல் உட்கொண்டவரைத் தண்டிப்பது நியாயமா?

உடலில் இருப்பதற்கு உடலுக்கு உரியவரே பொறுப்பு என்பது தடை விதிகளின் அடித்தளம். மருந்து எப்படி உள்ளே போயிற்று என்பதை விளக்கும் சுமையும் பெரும்பாலும் வீரர் தலையில்தான் விழுகிறது. வேண்டுமென்றே செய்ததா இல்லையா என்பது தடைக்காலத்தின் நீளத்தை மாற்றும். அந்தப் போட்டியின் முடிவு ரத்தாவதை மாற்றாது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்ற ருமேனியாவின் அந்திரேயா ரடுகானுக்கு அப்போது 16 வயது. சளித்தொல்லைக்காக அணியின் மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. அந்த மாத்திரையால் அவருக்கு எந்த அனுகூலமும் கிடைக்கவில்லை என்று கருதப்பட்டபோதிலும், சர்வதேச விளையாட்டு வழக்குகளைத் தீர்க்கும் விளையாட்டு நடுவர் மன்றம் பதக்கப் பறிப்பை உறுதி செய்தது. சில ஆண்டுகளில் அதே மருந்து தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2010இல் மீண்டும் ஒரு வரம்போடு சேர்க்கப்பட்டது.

இந்தத் தீர்ப்பை ஆதரிப்பவர்கள், "தெரியாது" என்ற சொல்லை ஏற்கத் தொடங்கினால் சிக்கும் ஒவ்வொருவரும் அதையே சொல்வார்கள் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு பதினாறு வயதுச் சிறுமி தன் அணி மருத்துவர் தரும் மாத்திரையின் உட்பொருளை ஆராய்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறை வசதிக்காக நியாயத்தை விட்டுக்கொடுப்பதே என்று நான் கருதுகிறேன். முடிவை ரத்து செய்யலாம்; அவரை ஏமாற்றுக்காரர் என்ற வரிசையில் நிறுத்தியதற்கு நியாயம் இல்லை.

சோதனையில் ஒருமுறையும் சிக்காதவர் தூய்மையானவர்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஆய்வகம் எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண்டுபிடிக்கும். டிஹெச்ஜி என்ற ஸ்டீராய்டு, சோதனைகளுக்குத் தட்டுப்படாமல் இருப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. 2003இல் ஒரு பயிற்சியாளர் அதன் எச்சம் இருந்த ஊசிக்குழலை அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமைக்கு அனுப்பிய பிறகுதான் அதற்கான சோதனை பிறந்தது. சிட்னியில் ஐந்து பதக்கங்கள் வென்ற அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் தாமே ஒப்புக்கொண்டார். புலனாய்வாளர்களிடம் பொய் சொன்னதற்காகச் சிறைக்கும் சென்றார். 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் உடன் ஓட்டியவர்களின் வாக்குமூலங்கள். சோதனைக்குழாய் சொல்லாததை மனிதர்கள் சொன்னார்கள்.

அந்த மனிதர்களுக்கு நேர்வதும் கவனத்துக்குரியது. ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி முன்பே உண்மை சொன்னவர்கள் ஆண்டுக்கணக்கில் பொய்யர்கள் என்று தூற்றப்பட்டார்கள். ரஷ்யாவின் ஊக்கமருந்து முறைகேட்டை 2014இல் ஜெர்மன் தொலைக்காட்சி வழியே வெளிப்படுத்திய யூலியா, விட்டாலி ஸ்டெபனோவ் தம்பதியர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

வீட்டு வாசலில் வந்து சிறுநீர் கேட்பது தனியுரிமையை மீறுவதாகாதா?

மீறுவதுதான். சோதனைப் பட்டியலில் உள்ள முன்னணி வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்; பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை தவறினால் தடை. மாதிரி கொடுக்கும்போது அதிகாரி நேரில் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு எந்தத் தொழிலிலும் இதை ஏற்க மாட்டோம். பிரிட்டனின் கிறிஸ்டீன் ஒஹுருகு எந்தச் சோதனையிலும் சிக்காமலேயே, மூன்று சோதனைகளைத் தவறவிட்டதற்காக 2006இல் ஓராண்டு தடை பெற்றார். 2008இல் 400 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வென்றபோதும் அந்த நிழல் கூடவே வந்தது. எனினும் பெரும்பாலான ஊக்கமருந்துகள் பயிற்சிக் காலத்தில்தான் எடுக்கப்படுகின்றன. போட்டி நாளில் மட்டும் சோதிப்பது திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒரு நாடே ஏமாற்றினால் அந்நாட்டு வீரர் அனைவரையும் தடை செய்யலாமா?

2014இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின்போது ஆய்வகச் சுவரில் இருந்த ஒரு துளையின் வழியே, ரஷ்ய வீரர்களின் மருந்து கலந்த சிறுநீர் மாதிரிகள் இரவில் வெளியே எடுக்கப்பட்டு, தூய்மையான மாதிரிகள் உள்ளே வைக்கப்பட்டன. ஆய்வகத் தலைவராக இருந்த கிரிகோரி ரொட்சென்கோவ் இதை வெளியிட்டார். வாடா நியமித்த விசாரணையாளர் ரிச்சர்ட் மெக்லாரன் 2016இல் அளித்த அறிக்கைகள், முப்பது விளையாட்டுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெற்றதாகவோ உடந்தையாக இருந்ததாகவோ கூறின. அதன் பின் ரஷ்ய வீரர்கள் நாட்டின் பெயரும் கொடியும் இன்றிப் போட்டியிடலாம் என்ற சமரசம் எட்டப்பட்டது.

கூட்டுத் தண்டனை அநீதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கே குற்றம் செய்தது அமைப்பு. அமைப்பைத் தண்டிக்க உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அதன் கொடியும் கீதமும்தான். தனி வீரருக்கு வழி திறந்துவைத்து, கொடியை மட்டும் இறக்குவது கொள்கையளவில் சரியான இடைவழி. அணிச்சீருடையில் நாட்டு நிறங்களும், பெயர்ப் பலகையில் நாட்டு ஒலிம்பிக் குழுவின் சுருக்கமும் தொடர்ந்தபோது அது பாதி நாடகமாகிப் போயிற்று.

சிறார் சிக்கும்போது யாரைக் குற்றம் சொல்வது?

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனம் ஆடிய ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கு வயது 15. அவர் மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்து இருந்தது. 2024 ஜனவரியில் அவருக்கு நான்காண்டு தடை உறுதியானது. பயிற்சியாளர், மருத்துவர் முதலான பெரியவர்கள் சூழவே வாழ்ந்த ஒரு குழந்தையின் பெயர்தான் உலகெங்கும் தலைப்பாயிற்று என்பதே இதில் என்னைத் தொந்தரவு செய்கிறது. அந்த விளையாட்டின் கூட்டமைப்பு சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்த முடிவு செய்தது. நல்லது, தாமதமாக வந்த நல்லது.

மோதலே ஆட்டமாக உள்ள விளையாட்டுகளில் வன்முறை என்று எதைச் சொல்வது?

ரக்பியில் ஒருவரைத் தழுவி வீழ்த்துவதும், குத்துச்சண்டையில் முகத்தில் குத்துவதும் ஆட்டத்தின் பகுதிகள். களத்தில் இறங்கும் ஒருவர் விதிக்கு உட்பட்ட வலிக்கும், ஆட்ட வேகத்தில் நேரும் சில விதிமீறல்களுக்கும் சம்மதம் தெரிவிக்கிறார். அந்தச் சம்மதத்துக்கு எல்லை உண்டு. 2004இல் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கித் தொடரில் டாட் பெர்டூசி என்ற வீரர் ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து தாக்கிப் பனித்தரையில் வீழ்த்தினார். மூரின் கழுத்து எலும்புகள் முறிந்தன. அவர் மறுபடி அந்தத் தொடரில் ஆடவேயில்லை. பெர்டூசி நீதிமன்றத்தில் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆடுகளம் சட்டத்துக்கு வெளியே உள்ள தீவு அல்ல என்பதற்கு இத்தகைய வழக்குகளே சான்று. இதே விளையாட்டில், கையுறையைக் கழற்றிவிட்டு நேருக்கு நேர் அடித்துக்கொள்பவர்களுக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்காரும் தண்டனைதான். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரிக்கிறது. வன்முறையை விலைக்கு விற்கும் தொடர், அது அளவு மீறும்போது மட்டும் அதிர்ச்சி காட்டுவதை நம்புவது கடினம்.

அதனினும் கீழானது திட்டமிட்ட காயம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் 2009 முதல் 2011 வரை, எதிரணி வீரரைக் களத்திலிருந்து தூக்கிச் செல்ல வைக்கும் அடிகளுக்குப் பரிசுப் பணம் வழங்கும் ஏற்பாடு இருந்ததாக விசாரணையில் முடிவாகி, 2012 பருவம் முழுவதும் தலைமைப் பயிற்சியாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்சின் ஜினடின் ஜிடான் எதிரணி வீரரின் மார்பில் தலையால் முட்டியது உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆனால் ஒரு நொடிச் சினத்தைவிடப் பணம் வைத்து நடத்தப்பட்ட இந்த ஏற்பாடே அறத்தின் தராசில் பல மடங்கு கனமானது.

விதிப்படி ஆடியும் ஒருவர் இறந்துபோனால்?

2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய மட்டையாளர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பவுன்சர் தாக்கி உயிரிழந்தார். பந்து விதிக்கு உட்பட்டது. பின்னர் நடந்த விசாரணையும் எவர்மீதும் பழி சொல்லவில்லை. குற்றவாளி இல்லாத இடத்திலும் கடமை உண்டு. கழுத்தைக் காக்கும் தலைக்கவசங்களும், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரரை இறக்கும் 2019ஆம் ஆண்டு விதியும் அந்தக் கடமையை நோக்கி நகர்ந்த அடிகள்.

தலைக்காயத்தை ஏன் தனிப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள்?

கால் முறிந்தால் அன்றே தெரியும். மூளைக்கு ஏற்படும் சேதம் பணமும் புகழும் வந்து போன பிறகு, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, மறதியாகவும் மனச்சோர்வாகவும் வெளிப்படலாம். குத்துச்சண்டை வீரர்களிடம் இது 1928இலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தபின் அவர் மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமாலு, சிடிஇ என்னும் நாள்பட்ட மூளைச்சிதைவை அதில் கண்டார். 2017இல் வெளியான ஆய்வில், அந்தத் தொழில்முறைத் தொடரில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் இச்சிதைவு காணப்பட்டது. அவை குடும்பத்தினர் ஐயம் கொண்டு தானமாக வழங்கியவை என்பதால், அந்த விகிதத்தை எல்லா வீரர்களுக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது.

இங்கே அறச்சிக்கல் சம்மதத்தைப் பற்றியது. ஆபத்தை அறிந்தவர் அதை மறைத்து, அறியாதவரிடம் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது. முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் பெரும் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது; அதிலும், கறுப்பின வீரர்களின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று அனுமானிக்கும் ஒரு கணக்கீட்டு முறை புகுத்தப்பட்டு, அவர்கள் இழப்பீடு பெறுவது கடினமாக்கப்பட்டது. 2021இல்தான் அந்த முறையைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

பார்வையாளர் வன்முறைக்கு ரசிகர்கள்தானே காரணம்?

சில வேளைகளில் ஆம். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள்மீது பாய்ந்தபோது நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தனர். இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் ஐந்தாண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. ஆனால் அந்த முன்முடிவே நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கொடுமைக்குத் துணைபோயிற்று. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய 97 பேரின் உயிர் போயிற்று. குடித்துவிட்டு முண்டியடித்த ரசிகர்களே காரணம் என்று காவல்துறை தரப்பில் பரப்பப்பட்ட கதையை, இறந்தவர்களின் குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராடி 2016இல்தான் ஜூரிகள் வாயிலாக முறியடிக்க முடிந்தது. இந்தோனேசியாவின் கஞ்சுருகான் மைதானத்தில் 2022இல் 135 பேர் இறந்ததற்கும் முதன்மையான காரணம், கூட்டத்தின்மீது காவலர்கள் வீசிய கண்ணீர்ப்புகைக் குண்டுகள். மைதானத்துக்குள் அவற்றைப் பயன்படுத்தலாகாது என்று பீஃபாவின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

விதியை மீறாமலே அறம் தவற முடியுமா?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு பெண்கள் பாட்மின்டன் இணைகள், அடுத்த சுற்றில் எளிதான எதிரியைப் பெறுவதற்காக வேண்டுமென்றே இறகுப்பந்தை வலையில் அடித்துத் தோற்க முயன்றன. எட்டுப் பேரும் நீக்கப்பட்டனர். முழு முயற்சியோடு ஆடவேண்டும் என்ற விதி அவர்களைப் பிடித்தது; ஆனால் தோல்வி லாபமாகும்படி சுற்றுகளை அமைத்தவர்கள் எந்த விதியிலும் பிடிபடவில்லை.

பிடிபட்டவரின் பதக்கம் பின்னர் உரியவரிடம் சேர்ந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குண்டு எறிதல் பழங்கால ஒலிம்பியாவின் களத்திலேயே நடந்தது. உக்ரைனின் யூரி பிலோனோக்கும் அமெரிக்காவின் ஆடம் நெல்சனும் சரியாக 21.16 மீட்டர் எறிந்து சமநிலையில் நின்றனர்; இரண்டாவது சிறந்த எறிதலை வைத்துத் தங்கம் பிலோனோக்குக்குப் போயிற்று. சேமித்து வைத்திருந்த மாதிரியை எட்டு ஆண்டுகள் கழித்து மறுசோதனை செய்தபோது அதில் தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு தென்பட்டது. நெல்சன் அடுத்த ஆண்டு தங்கம் பெற்றார். அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடத்தில், பயணிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைகளுக்கு நடுவே, ஓர் ஒலிம்பிக் குழு அதிகாரி அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.